கன்னிச் சாமிக்கு ஆறு பிள்ளைகள்

ஆடி 3, சனி

பேய்க்காற்று. காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு மாடியில்.

பெங்களூரிலிருந்து மகள் திவ்யா போன். கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வாளாம். எனக்குச் சம்மதம். மனைவி சுமதிக்கும். பெரியப்பாவுக்கு இல்லை. அவர் சொல்லாமல் எங்கள் வீட்டில் வாழைக்கன்றுகூட நட முடியாது.

காரணம் பாவாயி. தாத்தாவின் தாத்தாவுக்குத் தங்கை. சிறுமியாகவே கிணற்றில் விழுந்து செத்து, எங்கள் வீட்டுக் கன்னித் தெய்வமானவள். ஆடிப் பதினெட்டுக்குக் கூடையில் புதுப் பாவாடை சட்டை வைத்துக் கும்பிடுவோம்.

"கல்யாணமே காணாத சாமி. இதுக்கு உத்தரவு குடுக்குமா?" என்றார் பெரியப்பா.

ஆடி 6, செவ்வாய்

போர் போடும் ரிக் வண்டி ஆபீசுக்கு லீவு. பல்வலி என்று பொய்.

சுமதி சாதாரணமாகக் கேட்டாள்: "எந்தக் கெணறுங்க?" ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இது தோன்றவில்லையே என்று எரிச்சல்.

விசாரித்ததில்:
பெரியப்பா - மேல்தோட்டத்துக் கிணறு. அது என் அப்பா வெட்டியது!
சித்தப்பா - கோயில் கிணறு.
அத்தை - கிணறே இல்லை, பாம்பு.

ஒருத்தி எத்தனை தடவைதான் சாவாள்? ராசிபுரத்து நெய் வண்டி வந்துபோன அன்றுதான் ஆளைக் காணோம் என்று அத்தை சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். காபி ஆறுவதற்குள் என்னை அனுப்பிவிட்டார்.

ஆடி 10, சனி

ராசிபுரம். பஸ்ஸில் நின்றபடியே. முழங்கால் போச்சு.

நெய்க்கடைகள். முதல் இரண்டில் வெட்கத்துக்கு அரை அரைக் கிலோ வாங்கியதுதான் மிச்சம். மூன்றாவதில் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்து நின்றார். "எங்க ஆத்தாவோட பொறந்த ஊட்டுக்காரங்களா நீங்க?"

அவர்கள் வீட்டுச் சாமியும் பாவாயிதான். நெய் வண்டிக்காரனோடு வந்து, கட்டிக்கொண்டு, ஆறு பிள்ளை பெற்று, தலை நரைத்துத்தான் செத்திருக்கிறாள். ஆடிப் பதினெட்டுக்கு அவர்கள் எங்கள் ஊர்த் திசை பார்த்து இலை போடுவார்களாம்.

கடையிலேயே சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கடைசி வரைக்கும் ஒரே கொறைதானுங்க. பொறந்த ஊட்டுலிருந்து ஒரு சேல வரலைன்னு."

வருடா வருடம் துணி வைத்துக்கொண்டுதான் இருந்தோம். கிழவிக்குச் சிறுபிள்ளைப் பாவாடை.

அங்கேயும் அரைக் கிலோ. நெய் ஒன்றரைக் கிலோ. டாக்டர் திட்டுவார்.

ஆடி 17, சனி

சுமதி பச்சையில் பட்டுச்சேலை எடுத்து வந்தாள். பெரியப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், கூடையில் வைத்துவிடுங்கள் என்கிறாள். வைப்பது நான். திட்டு வாங்குவதும் நான். நிஜமாகவே பல் வலிக்கிறது.

ஆடி 18, ஞாயிறு

பெரியப்பா கூடையைத் திறந்தார். சேலை.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நெய் வண்டி, ஆறு பிள்ளை, வராத சேலை. அத்தை கூரையைப் பார்த்தார். பெரியப்பா சேலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"கட்டிக் குடுத்த புள்ளைக்கு வெறுஞ்சேல வெப்பாங்களா? ரவிக்கத் துணி எங்க?"

சுமதி பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது?

திவ்யாவைக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமையும். பெரியப்பா போனைப் பிடுங்கினார்.

"மீட்டிங் கெடக்குது. அந்தப் பையனக் கூட்டிட்டு ஊட்டுக்கு வா சாமி. நெய் நெறையா இருக்குது."