நாற்பத்தாறாவது கோரிக்கை

ஜார்ஜ்டவுன்,
சனிக்கிழமை.

அன்பு நிரோஷா அக்காவுக்கு,

சாந்தினி எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். அங்கே தாலினில் பனி கொட்டுகிறது என்று உங்கள் அம்மா சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

இரண்டு வருடமாகப் பேசாதவள் திடீரென்று ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். தமிழ்ப்பள்ளிகளுக்காக நாம் இருவரும் எழுதி இலவசமாகக் கொடுத்தோமே, அந்தப் பாட அட்டவணை மென்பொருள் இடம் மாறிவிட்டது. அதன் நிரலை வைத்திருந்த இணையதளத்துக்குப் பதிலாகப் புதிய தளம் தொடங்கியிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் புதிய தளத்துக்கு மாற்றாவிட்டால் அதன்பின் திருத்தவே முடியாதாம். போன சனிக்கிழமை, பத்து காவான் அலுவலகத்தில் என்னுடன் வேலை செய்யும் ஹஸ்ருல் உதவிக்கு வந்தார். நாள் முழுக்க ஆகும் என்று பயந்து இரண்டு பொட்டலம் நாசி கண்டார் வாங்கி வைத்திருந்தேன். இருபது நிமிடத்தில் நிரல் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. சோறு ஆறக்கூட இல்லை.

ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே நாம் எழுதிக்கொண்ட விவாதங்கள் எதுவும் அதோடு சேர்ந்து வரவில்லை. பழைய சண்டைதானே, விட்டுவிடு என்றார் ஹஸ்ருல். எனக்கு மனம் வரவில்லை. அவர் போனபின் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தேன். என் எழுத்துப்பிழைகளை நீங்கள் கிண்டல் செய்ததைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். நாற்பத்தாறாவது கோரிக்கையில் சிரிப்பு நின்றது.

ஆசிரியர் யாராவது வராவிட்டால் பள்ளியே அட்டவணையைக் கையால் மாற்ற வழி வேண்டும் என்று கேட்டு, அதற்கான நிரலையும் எழுதி அனுப்பியிருந்தீர்கள். பாட நேரமெல்லாம் குழம்பும் என்று ஒரே வரி எழுதி, அதைச் சேர்க்காமலே மூடிவிட்டேன். அதன்பின் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. உங்களை வழியனுப்ப விமான நிலையத்துக்கும் நான் வரவில்லை.

மறுநாள், நம் மென்பொருளைப் பயன்படுத்தும் நிபோங் திபால் தமிழ்ப்பள்ளி ஞானாம்பிகை டீச்சருக்குப் போன் செய்து, அட்டவணை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "நல்லாத்தான் இருக்கும்மா. யாராச்சும் உடம்பு சரியில்லன்னு எம்சி எடுத்தா மட்டும் மேல துண்டுப் பேப்பர் ஒட்டிக்குவோம் லா" என்று சிரித்தார். இரண்டு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அக்கா.

அன்றே உங்கள் நிரலைச் சேர்த்துவிட்டேன். இரண்டு வரிதான் தொட்டேன். எதுவும் குழம்பவில்லை. புதன்கிழமை டீச்சரே கூப்பிட்டார். "இன்னிக்கு ரெண்டு டீச்சர் வரல. அஞ்சே நிமிஷத்துல மாத்திட்டேன். இது யாரோட யோசனை?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

புதிய தளத்தில் ஒன்றுதான் பாக்கி. நீங்கள் எழுதியவை எல்லாம் உங்களுடையவை என்று உறுதியாகாமல் நிற்கின்றன. அதை நீங்கள் மட்டும்தான் உறுதி செய்ய முடியும். என்னைப் போலவே உங்களையும் உரிமையாளராகப் போட்டு இமெயிலில் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். இனி நான் மூடுவதை நீங்கள் திறக்கலாம், என்னைக் கேட்கவே வேண்டாம்.

இமெயில் என்றால் திறக்காமல் விட்டுவிடுவீர்களோ என்றுதான் உங்கள் அம்மாவிடம் முகவரி வாங்கி இதைத் தபாலில் போடுகிறேன். அழைப்பு ஏழு நாள்தான் இருக்கும். இந்தக் கடிதம் வருவதற்குள் காலாவதியாகிவிடும். பரவாயில்லை. நீங்கள் தளத்துக்குள் வரும்வரை வாரம் ஒன்று அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா.

உங்கள்
சாந்தினி