ஏழாம் துளையிலிருந்து இருபத்தாறு நிமிடம்

நாள் 112 — 09:40

வாராந்திர இதயப் பரிசோதனை முடிந்தது. எழுதுபவள் ஜெயசீலி, மருத்துவர், நிலவின் தென்துருவப் பனி அகழ்வு நிலையம். ஆட்கள் மூன்று பேர். எனக்கும் துளை இயக்குநர் கோமதிநாயகத்துக்கும் எல்லாம் சரி. நிலையத் தலைவர் தணிகாசலம், வயது ஐம்பத்தாறு: ரத்த அழுத்தம் 162/98. அவருடைய பெட்டியில் ஒன்பது நாள் மாத்திரை அப்படியே இருக்கிறது. உடற்பயிற்சி ஓடுதளத்தில் இந்த மாதம் ஏறியது இரண்டே முறை.

ஒன்பது மணிக்கு சிபிஆர் பயிற்சி, அதாவது இதயம் நின்றவரின் மார்பை அமுக்கி மீட்கும் பயிற்சி, என்று அறிவித்திருந்தேன். யாரும் வரவில்லை. பழைய விண்ணுடைக்குள் பஞ்சு திணித்து நான் செய்த பொம்மையும் நானும் நாற்பது நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்தொடர்பில் தலைவரைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது மா. மொதல்ல ஏழாம் துளைய முடிக்கணும். அப்பறமா பாக்கலாம்."

இதே பதில் ஆறாவது முறை.

நாள் 115 — 18:20

துளைக்குப் போய்வரும் காற்றடைத்த ஊர்தியில் இருந்த, இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பழுதாகி ஒரு மாதம் ஆகிறது. நிலையத்தில் இருப்பது ஒன்றுதான். அதை வெளியே கொண்டுபோக விதி இடம் தரவில்லை. மாற்றுக் கருவி கேட்டுப் பூமிக்கு மூன்றாம் கோரிக்கை அனுப்பினேன்.

பதில்: "அடுத்த சரக்குக் கலத்தில் பரிசீலிக்கப்படும்."

அடுத்த சரக்குக் கலம் நாள் 160.

ஆத்திரத்தில் மேசையை உதைத்தேன். மேசை அசையவில்லை. நான்தான் பின்னால் போய்ச் சுவரில் மோதினேன். பயிற்சி வேண்டும் என்று நான் கத்துவதும் இதற்காகத்தான். பூமியில் என் எடை ஐம்பத்தெட்டு கிலோ. இங்கே பத்துக்கும் குறைவு. உடல் பாரத்தை வைத்து ஒருவர் மார்பை ஐந்து சென்டிமீட்டர் அமுக்க முடியாது. அமுக்குகிறவர் மேலே எழும்பிவிடுவார். தரையில் கொக்கி அடித்து, இடுப்புப் பட்டையால் நம்மைக் கட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும். இல்லையென்றால் அவர் மார்பில் கைகளை வைத்துத் தலைகீழாக நின்று, கூரையில் பாதத்தை ஊன்றி, கால் பலத்தால் தள்ள வேண்டும். படித்துத் தெரிந்துகொள்கிற வேலை இல்லை இது.

நாள் 118 — 11:15

கோமதிநாயகம் வந்தான். வரவில்லையென்றால் காப்பித்தூளைப் பூட்டிவிடுவேன் என்று மிரட்டியிருந்தேன். முதல் பத்து நிமிடம் பொம்மையிடம் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தான். பிறகு பட்டையை மாட்டி, நிமிடத்துக்கு நூற்றுப்பத்து வேகத்தில் அமுக்க வைத்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைத்தால் ஆழம் குறையும் என்றேன். நான்கு முறை மாறினோம். சட்டை நனைந்துவிட்டது அவனுக்கு.

"துளை போடுதத விடக் கஷ்டமால்லா இருக்கு, டாக்டரக்கா."

தலைகீழ் முறையை ஒரே தடவைதான் செய்தான். அதற்குள் தலைவர் துளைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

நாள் 121 — 07:50

தலைவருக்குத் தாடை வலி. இடது தோளில் இழுப்பு. புளிசாதப் பொட்டலம் சேரவில்லை என்கிறார். இதய வரைபடத்தில் சிறு மாற்றம் தெரிகிறது. ஆஸ்பிரின் கொடுத்து, வெளியே போகக் கூடாது, பூமிக்கு அறிக்கை அனுப்பப் போகிறேன் என்றேன்.

"அனுப்புனா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க மா. பதினோரு வருசம் இந்தத் துளைக்காகவே ஒழைச்சிருக்கேன். இன்னிக்கு தண்ணி வந்துடும். பாத்துட்டு வந்துடறேன், அப்பறம் நீ சொல்றபடி கேக்கறேன்."

கையைக் கூப்பினார். என்னைவிடப் பதினெட்டு வயது பெரியவர். இதயத் துடிப்பை என் திரைக்கு அனுப்பும் உணர்கருவியை மார்பில் ஒட்டி அனுப்பினேன். அறிக்கையை மாலை வரை நிறுத்திவைத்தேன். இது என் தவறு. இந்தக் குறிப்பை யார் படித்தாலும் தெரியட்டும்.

நாள் 121 — 14:06, குரல் பதிவு

"டாக்டரக்கா! அண்ணாச்சி விழுந்துட்டாரு! ஊர்திக்குள்ள ஏறி, உடையக் கழத்துனாரு, அப்படியே சரிஞ்சுட்டாரு. மூச்சு வரல!"

திரையில் தாறுமாறான துடிப்பு. அதிர்ச்சி கொடுத்தால் மீளக்கூடிய துடிப்பு. கொடுக்க ஊர்தியில் கருவி இல்லை. ஊர்தியைத் தானாகத் திரும்பும்படி இயக்கிவிட்டேன். ஒன்பது கிலோமீட்டர். இருபத்தாறு நிமிடம்.

14:08

"அமுக்குனா நான் மேல போறேன்க்கா! பட்டை இல்ல இங்க!"

தலைகீழாக நில், காலைக் கூரையில் ஊன்று என்று கத்தினேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை நின்றுவிட்டான். நான் எண்ணுகிறேன், அவன் அமுக்குகிறான். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் திரையில் ஒரு மேடு.

14:15

"எலும்பு நொறுங்குன சத்தம் கேக்குக்கா. நிறுத்தவா?"

நிறுத்தாதே. விலா உடைந்தால் கட்டிக்கொள்ளலாம்.

14:21

ஆழம் குறைகிறது. மாற்ற ஆள் இல்லை. நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என் இரண்டு கைகளும் தேவைப்படுகின்றன.

"தண்ணி வந்துட்டுக்கா. பாத்துட்டாரு. சிரிச்சாரு. அப்புறந்தான் ஏறுனாரு."

பேசாதே. அமுக்கு.

14:30

மேடுகளுக்கு நடுவே துடிப்பு சிறுத்துக்கொண்டே வருகிறது.

14:35

உள்ளே கொண்டுவந்தோம். கருவியைப் பொருத்தினேன். நேர்கோடு. நேர்கோட்டுக்கு அதிர்ச்சி கொடுத்துப் பயன் இல்லை. அட்ரினலின் செலுத்தினேன். அவன் பட்டை மாட்டி அமுக்குகிறான். நான் மூச்சுப்பையை அழுத்துகிறேன்.

ஊர்தியில் அந்த ஒரு கருவி. காலையில் அந்த ஓர் அறிக்கை. ஒன்று இருந்திருந்தால் போதும். இரண்டில் ஏதாவது ஒன்று.

15:12

பூமியிலிருந்து செய்தி: "ஏழாம் துளையில் நீர். குழுவினருக்கு வாழ்த்துகள்."

துளைக்கருவி தானாகவே தகவல் அனுப்பியிருக்கிறது. அடுத்த ஊசியைப் போட்டேன்.

15:24

ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. ஐந்து ஊசி போட்டாயிற்று. கண்மணிகள் விரிந்து அப்படியே நிற்கின்றன. மருத்துவர் நான். போதும் என்று சொல்லி இறந்த நேரம் குறிக்க வேண்டியவள் நான். இரண்டு முறை வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. சரியான ஆழம், சரியான வேகம். ஒரே நாள் பயிற்சி.

"ரெண்டு நிமிசம் ஆச்சு, டாக்டரக்கா. ஆளு மாத்துங்க."

நேரம் 15:26. குறிக்கவில்லை. பட்டையை மாட்டுகிறே—