அண்ணன் போடும் பாதிக் கணக்கு

நவம்பர் 4

இன்றும் என்னைக் கேட்காமல் வாடிக்கையாளரிடம் நாள் சொல்லிவிட்டான் யாயாட் அண்ணன். "இன்ஷா அல்லா, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோங்க!" வாய் அண்ணனுடையது, டி-ஷர்ட்டில் அச்சடிக்கிற கை என்னுடையது. ஸ்கிரீன் வலையில் படம் பதிய மருந்து பூசி, அது காய வேண்டும். ஒரு நிறம் அடித்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். அவன் கணக்கில் காய்வது என்ற ஒன்றே கிடையாது. ஸ்கிரீன் மேல் மை இழுக்கிற நேரம் மட்டும்தான் வேலையாம். எங்கள் ஊர் பாண்டுங்கில் மத்தியானமானால் மழை கொட்டுகிறது. இவன் தலைக்கு மேல் மட்டும் எப்போதும் வெயில்.

நவம்பர் 5

கேட்டே விட்டேன். "அண்ணே, நீ விலை பேசு, டிசைன் பேசு, இளிச்சுக்கிட்டு கோப்பி ஊத்திக் குடு. எத்தனை நாள்னு சொல்றது மட்டும் நானா இருக்கணும்."

"உன்கிட்ட விட்டா எதிர்க்கடை கொமார்தான் வாழ்வான்."

எனக்கு வேறெதுவும் வேண்டாம். இந்தக் கடையில் நான் சொல்கிற நாள் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 10

இப்போது பேருக்கு என்னைக் கேட்கிறான். நான் நாலு நாள் என்றால் வாடிக்கையாளரிடம் ரெண்டு என்கிறான். எதைச் சொன்னாலும் பாதி. சரி, இன்று நாலு நாள் வேலைக்கு எட்டு என்றேன். நாலு என்று சொல்லி அனுப்பினான். முட்டாள்.

நவம்பர் 14

சொன்ன நாளில் முடிந்தது. "பாத்தியா, நான் சொன்ன மாதிரியே!" என்று என் முகத்துக்கு நேரே சிரிக்கிறான்.

நவம்பர் 24

மறுபடியும் அதே. நான் இரட்டிப்பேன், அவன் பாதியாக்குவான். கடை ஓடுகிறது.

டிசம்பர் 1

ஓமான் வந்திருந்தார், வேன் ஓட்டுநர் சங்கத் தலைவர். குடும்பத்தோடு எல்லாரும் பங்கண்டாரான் கடற்கரைக்குப் போகிறார்களாம். பதிமூன்றாம் தேதி விடியற்காலையில் பஸ். கறுப்பு டி-ஷர்ட், மூன்று நிறம். யார் யார் வருகிறார்கள் என்று முடிவான பிறகுதான் அச்சடிக்க வேண்டிய துணியை வாங்கித் தருவாராம். "கடைசியா எப்போ துணி குடுத்தா போதும்?" என்று கேட்டார்.

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினான். "எங்க நினிங்கைக் கேளுங்க. அவ கணக்கு ஜவ்வு மிட்டாய். இழுத்தா இழுத்துக்கிட்டே போகும்." ஓமானோடு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலைக்கு இருக்கும் இரண்டு பேரும்கூட.

உடம்பெல்லாம் எரிந்தது. எட்டு நாள் வேலை. பதினாறு என்று சொல்லியிருக்க வேண்டும். "எட்டு" என்றேன். பாதியாக்குவான் என்று தெரியாதா எனக்கு? தெரியும். ஆக்கட்டும், பட்டால்தான் புத்தி வரும்!

"நாலு நாள் போதும்" என்றான். ஒன்பதாம் தேதி துணி கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு ஓமான் எழுந்தார். நான் மை கலக்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 9

துணி வந்தது. மனசு கேட்கவில்லை, அண்ணனிடம் போனேன். "இது நிஜமாவே எட்டு நாள் வேலை. ஓமானுக்கு போன் போடு."

"எப்பவும் இதைத்தான் சொல்றே. எப்பவும் பாதியிலதான் முடியுது."

இரட்டித்ததை ஒத்துக்கொள்ள ரோஷம் விடவில்லை, போய் ஸ்கிரீனை எடுத்தேன்.

டிசம்பர் 12

மழை விடவில்லை. மூன்றாவது நிறம் ஈரமாகவே இருக்கிறது. அண்ணன் அடுக்க ஆரம்பித்துவிட்டான். "அடுக்காதே, ஒட்டிக்கும்!" என்று கத்தினேன். "பஸ் உனக்காக நிக்குமா?" என்று திருப்பிக் கத்தினான்.

டிசம்பர் 13

பஸ் பக்கத்தில் வைத்து ஓமான் கட்டைப் பிரித்தார். ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. பிய்க்கப் பிய்க்க, ஒரு சட்டையின் முன்பக்கம் அடுத்த சட்டையின் முதுகில். சங்கத்தின் பேர் இடவலம் மாறி முதுகில்!

"ஏன் யாயாட், கண்ணாடி வெச்சுப் படிக்கணுமா?" என்று ஒரு ஓட்டுநர் சிரித்தார். ஓமான் சிரிக்கவில்லை. "பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி என்னைக் கோமாளி ஆக்கிட்டே" என்று மொத்தத்தையும் அண்ணன் காலடியில் போட்டார். அவரவர் சட்டையிலேயே பஸ் ஏறினார்கள்.

திரும்பும் வழியில் அண்ணன் கேட்டான். "எட்டுன்னா நிஜமாவே எட்டா?"

"ஆமா."

"அப்போ போன மாசம் சொன்ன எட்டு?"

"நாலு."

"அடிப்பாவி."

டிசம்பர் 15

வேலைக்காரர்கள் முன்னால் சொன்னான், "இனிமே நாள் சொல்றது அவதான்." எலும்புத் துண்டை வீசுவது மாதிரி. வீசினால் என்ன, கிடைத்ததே.

டிசம்பர் 22

முன் மேசையில் நான். ருக்மினி டீச்சர் பள்ளிக்கூடத்து டி-ஷர்ட் கேட்டு வந்தார். இரண்டு நிறம். காய்கிற நேரம், மழை எல்லாம் சேர்த்துப் பார்த்து, "அஞ்சு நாள் டீச்சர்" என்றேன். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பின்னால் ஸ்கிரீன் கழுவிக்கொண்டிருந்த அண்ணன், "பத்துன்னு வெச்சுக்கோங்க" என்றான்.

"அஞ்சுதான்!"

"டீச்சர், பாதியாக்கி ஒரு தடவை மானம் போச்சு. இனிமே அவ அஞ்சுன்னா பத்து."

டீச்சர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு நேரே கொமார் கடைக்குப் போய்விட்டார்.

"சத்தியமா அஞ்சுதான்! உனக்கென்ன பைத்தியமா?" தெருவே திரும்பிப் பார்த்தது.

அண்ணன் குழாயை மூடினான். "அஞ்சுன்னா அஞ்சுதான்னு எனக்கு எப்படித் தெரியும், நினிங்?"

நக்கல் இல்லை. நிஜமாகவே கேட்டான். மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தான்.