உள்தாழ்ப்பாள் இல்லாமல் குடியிருக்க அனுமதி கோரி

அனுப்புநர்:
த. பூங்கனி,
இளநிலை உதவியாளர்,
ஊழியர் குடியிருப்பு, கோட்டாறு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: புதிதாகப் பொருத்திய உள்தாழ்ப்பாள்களை அகற்றித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இறந்துவிட்டார். நானும் மகன் ஷிபுவும் (வயது 24) மட்டுமே இவ்வீட்டில் இருக்கிறோம். சென்ற மாதம் அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். பிழைத்தான், சிகிச்சை நடக்கிறது. அவனைத் தனியே பூட்டிக்கொள்ள விடக்கூடாது என்று மருத்துவர் சொன்னதால், அறையிலும் குளியலறையிலும் இருந்த கொண்டிகளை, அதாவது உள்தாழ்ப்பாள்களை, நானே கழற்றினேன்.

2. நான் அலுவலகம் போகும் நேரத்தில் அடுத்த வீட்டு யேசுரத்தினம் மரச்சீனிக் கிழங்கு உரிக்கும் சாக்கில் அவனுடன் இருப்பார். தங்கள் பிரிவிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் கொண்டி எங்கே என்று கேட்க, எங்கள் மானத்தைக் காப்பதாக நினைத்து, "அது துருப்புடிச்சுப் போச்சு மக்கா" என்று சொல்லிவிட்டார். கூரை ஒழுகுகிறது என்று போன மழைக்கு எழுதியும் வராத ஆட்கள், மறுநாளே வந்து புதுக் கொண்டி போட்டார்கள். யேசுரத்தினம் மேல் எனக்குக் கோபமில்லை.

3. அன்று மாலை ஷிபு அறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டுக்கொண்டான். கூப்பிட்டால் பதிலில்லை. ஆள் கூப்பிட வெளியே ஓடவும் பயம், நிற்கவும் பயம். மீன் புளிமுளக் குழம்பு ஆறுகிறது என்றுகூடக் கதவைப் பார்த்துப் பேசிக்கொண்டே நின்றேன். கடைசியில் அவனே திறந்தான்.

4. கொண்டி மறுபடி இல்லாமல் போனால் வீட்டைக் காலி செய்ய நேரும் என்று உதவிப் பொறியாளர் எழுதியிருக்கிறார். வேறு வீடு பார்த்தால் அந்த உரிமையாளரிடமும் இதே கதையைச் சொல்லியாக வேண்டும். ஆகவே விடுப்பெடுத்து, அவன் அறைக் கதவைச் சாத்த முடியாதபடி நிலைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் குளிக்கப் போவதென்றாலும் யேசுரத்தினம் வந்து உட்கார வேண்டும். இம்மனுவையும் இங்கிருந்தே எழுதுகிறேன்.

5. கதவைத் திறந்துகொண்டு வந்தவன் சொன்னதைத் தாங்கள் அறிய வேண்டும்: "அம்மா, அந்தக் கொண்டிய கழத்திப் போடுங்கம்மா. எனக்கு என்னையே நம்ப முடியல்ல."

நோயில் விழுந்தபின் என் மகன் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி இதுதான் ஐயா. விதியைக் காட்டி அதை மறுக்க என்னால் முடியவில்லை. புதுக் கொண்டிகளை அகற்றி, அவன் குணமாகும்வரை எங்கள் கதவுகளை அப்படியே விட்டுவைக்க உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
த. பூங்கனி

இடம்: கோட்டாறு
நாள்: 14.08.2024