ஓடைக் கல்லும் கூர் தெரியாத விரலும்

வாழவந்தி நாடு,
புதன்கிழமை.

அன்புக் கண்ணு பூங்குழலிக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவும் மாடு கன்றும் சுகம், ஓசூரில் நீயும் சுகமாக இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். என் சுகத்தைப் பற்றிப் போனில் சொல்ல வாய் வரவில்லை, விடுதியில் உன் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். தனியாக உட்கார்ந்து படி.

மிளகுக் கொடிக்கு மேலே நிழல் கட்டும் மரக் கிளைகளைக் கழிக்க அருவாள் தீட்ட வேண்டியிருந்தது. கடையில் வாங்கிய கல் உடைந்துவிட்டதால் போன மாதம் நானும் உன் சித்தப்பா சென்றாயனும் ஓடையில் கல் தேடப் போனோம். கத்தி முனையால் கீறினால் கோடு விழுகிற கல்லை எறிந்தேன், அது இரும்பைத் தேய்க்காது. தண்ணீரை உடனே உறிஞ்சிக்கொண்ட கல்லையும் முரடு என்று விட்டேன். கடைசியில் கறுத்த கல் ஒன்று கிடைத்தது, தண்ணீர் மேலேயே நின்றது, நகத்தை இழுத்தால் மெல்லப் பிடித்தது. அருவாளைத் தேய்த்ததும் இரும்பு கரைந்து கறுப்பாகச் சேறு வந்தது, நல்ல கல் என்று சந்தோஷப்பட்டேன். கூர் பார்க்க இடது கட்டைவிரலால் தடவினேன், ஒன்றும் தெரியவில்லை, இன்னும் மழுங்கல்தான் என்று மறுபடி தேய்த்தேன், மறுபடி தடவினேன். சென்றாயன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கண்ணா, கல்லெல்லாம் ரத்தமா இருக்குது, உங்களுக்கு வலிக்கலீங்களா" என்றான். பார்த்தால் விரல் சதை பிளந்திருந்தது கண்ணு, எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெனிபர் என் கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் கையில் தொட்டார். "எங்க தொடறேன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நானோ அவர் இன்னும் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் இருந்த வெளிறிய படையையும் பார்த்துவிட்டு டாக்டர் தொழுநோய் என்றார். ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டால் நோய் போய்விடுமாம், விரலில் போன உணர்ச்சி திரும்புவதுதான் கஷ்டமாம். சென்றாயன் அன்றிலிருந்து நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை. நான் என் தட்டைத் தனியாக எடுத்து வைத்தால் உன் அம்மா அதிலேயே சோறு போட்டுச் சாப்பிடுகிறாள், "இத்தன வருசம் தொட்ட கைதானுங்க" என்கிறாள்.

அவளையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. இனி சோதிக்க வேண்டியது நீதான் சாமி. பொங்கலுக்கு வந்தபோது உன் முழங்கையில் ஒரு வெளிறிய தேமல் பார்த்தேன், வெயில் பட்டது என்றாய், நானும் விட்டுவிட்டேன். இப்போது தூக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது அங்கே பஞ்சால் தொடச் சொல்லிப் பார். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, வெட்கப்பட்டு நாள் கடத்தாதே. சீக்கிரம் பார்த்தால் விரலுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னார்.

நல்லபடியாக நீண்ட ஆயுசோடு இரு. மறக்காமல் பதில் போடு.

உன்னைப் பெற்ற
அர்த்தனாரி

இது என் கைபட்ட காகிதம் என்று பயப்படாதே கண்ணு. காகிதத்தில் ஒட்டாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன்.