சூக் சமையலறையில் உடையாத சோவியத்

திரிம்பாக்
2.2.2025

அன்புள்ள தம்பி குகநாதனுக்கு,

எழுத்துகள் சரிவதையும் வரி மேலே ஏறி இறங்குவதையும் பொறுத்துக்கொள். இந்தக் கை நாற்பது வருடம் சமையல் கத்தி பிடித்தது. பேனை பிடித்து எட்டு மாதம்தான். மருமகள் நிலோஜினி படிப்பிக்கும் தமிழ்ப் பாடசாலையில், சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் இருந்து படித்தேன். ஒரு பத்திரிகைப் பக்கத்தை முடிப்பதற்குள் தேநீர் இரண்டு தரம் ஆறிப்போகிறது. ஆனாலும் முடிக்கிறேன். இந்தச் சந்தோசத்தை முதலில் உனக்குத்தான் எழுதத் தோன்றியது.

பொங்கலன்று கோயில் மண்டபத்தில், மொஸ்கோ தலைவர் உக்ரேனில் நடத்தும் யுத்தம் பிழை என்று சொன்னேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனாய். அதன்பிறகு போனும் எடுக்கவில்லை.

எனக்கு வாசிக்கத் தெரியாத அந்த நாட்களில், சூக் நகர ஹோட்டல் சமையலறையில் நான் உருளைக்கிழங்கு உரிக்க, நீ பக்கத்தில் இருந்து தமிழ்ப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பாய். மொஸ்கோவில் படித்தவன் நீ. நீ வாசித்ததுதான் எனக்கு உலகம். சோவியத் உடைந்ததை மட்டும் நீ வாசிக்கவேயில்லை. கடைக்காரர் சிவலிங்கம்தான், "என்ன அண்ணை, அது உடைஞ்சு நாலு மாசமாச்சு, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்று சிரித்தார். எங்கள் சமையலறையில் அது நாலு மாதம் கூடுதலாக உயிரோடு இருந்தது. அதில் எனக்குக் கோபமில்லை, சிரிப்புத்தான்.

இப்போது நானே வாசிக்கிறேன். அதனால் எண்ணம் வேறாகிவிட்டது. அதற்காக நீ கதைக்காமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உன்
மூத்ததம்பி


ஓர்லிகோன்
9.2.2025

மூத்ததம்பி அண்ணைக்கு வணக்கம்.

எழுத்து உங்களுடையது. எண்ணம் யாருடையது? உங்கள் மேல்வீட்டு உக்ரேன் பெண் ஒக்சானா சொல்லித் தந்ததா?

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சோவியத் உடைந்து இரண்டாம் வருடம், இத்தாலி என்று உங்களிடம் சொல்லிவிட்டு மொஸ்கோவுக்குத்தான் போனேன். எனக்குப் பாலம் கட்டப் படிப்பித்த பேராசிரியை, பனிக்குள் மெட்ரோ வாசலில் நின்று வீட்டுக் கரண்டிகளை விற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நாட்டைத் தலை நிமிர வைத்தவரைப் பிழை என்கிறீர்கள். எப்படிப் பொறுப்பேன்?

குகநாதன்


திரிம்பாக்
23.2.2025

அன்புத் தம்பிக்கு,

பதில் பிந்திவிட்டது. உன் கடிதத்தை வேறு ஒருவரிடமும் கொடுக்காமல் நானே வாசித்தேன். அதனால்தான்.

எண்ணம் என்னுடையதுதான். உன் பேராசிரியையின் கதையை என் அரைகுறை ஜெர்மனில் ஒக்சானாவுக்குச் சொன்னேன். அவளுடைய தாயும் அதே வருடங்களில் கார்கிவ் சந்தையில் கல்யாண மோதிரத்தை விற்றவராம். இந்த யுத்தத்தில் குண்டு விழுந்து, அந்தத் தாயின் வீட்டுக்கு இன்று கூரையில்லை. ஒரு நாடு தலை நிமிர அந்தக் கூரை ஏன் விழ வேண்டும்? ஊரில் குண்டுக்குப் பயந்து ஓடிவந்த நீயும் நானும் இதில் வேறு வேறு பக்கம் நிற்பது எனக்கு விளங்கவில்லை.

நீ வாசித்த காலத்தில் எனக்கு மறுத்துக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த அண்ணையை உனக்குப் பிடித்திருந்தது. இப்போது இருப்பவன் கொஞ்சம் வாய்க்காரன். இவனோடும் சண்டை பிடித்துக்கொண்டு தேநீர் குடிக்கலாம், வந்து பார்.

கரண்டி விற்ற அந்த அம்மாவை நினைத்து மனம் சரியில்லை. இத்தனை வருடம் அதை நீ தனியே சுமந்திருக்கிறாய். உயிரோடு இருக்கிறாரா? அவருடைய பெயர் என்ன? நீ பதில் போடாவிட்டாலும் அடுத்த கிழமை எழுதுவேன். பெயரை அனுப்பினால், பிழையில்லாமல் எழுதப் பழகி, இனி உனக்கு எழுதும் கடிதங்களில் பெயர் சொல்லியே அவரை விசாரிப்பேன்.

உன்
மூத்ததம்பி அண்ணை