செப்புப் படிகம் வளர்த்த எட்டு மாதம்

19.01.2009
பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே செப்பு நைத்திரேற்றுப் போத்தல். அந்தப் பெயரே போதுமாயிருந்தது. இரசாயனவியல் உதவி விரிவுரையாளர் என்று கடிதத்தைக் காட்டினேன். "குண்டு செய்யவா?" என்றான் சிப்பாய். பின்னேரம் மூன்று மணிக்கு என்னை விட்டார்கள். போத்தலை விடவில்லை.

இனி எதை வைத்துப் படிகம் வளர்ப்பது?

20.01.2009
துசாந்தன் அண்ணாவின் தொலைபேசி இன்றும் வேலை செய்யவில்லை. என் கூடப்பிறந்தவர்; சண்டை நடக்கும் வன்னிக்குக் கணிதம் படிப்பிக்கப் போனவர். அம்மா கேட்டா. தெரியாது என்றேன்.

11.02.2009
செப்பு அசற்றேற்றுக்குத் தடையில்லை. ஆனால், மூன்று கையுள்ள என் கரிம அமிலத்தைக் கண்ட கணமே அது தூளாக இறங்கிவிடுகிறது. செப்பு மூட்டு, அமிலம் மூட்டுகளை இணைக்கும் சட்டம் – இரண்டும் நிதானமாகச் சேர்ந்தால்தான் உள்ளே ஒரே அளவான துளைகளோடு படிகம் எழும். அந்தத் துளைகளில் வாயுவைச் சேமிக்கலாம். அவசரமாகச் சேர்ந்தால் வெறும் நீலத் தூள். அதை வைத்து உள்ளமைப்பை நாங்கள் கண்டுபிடிக்க முடியாது.

"திரும்பவும் மாவா, உசாந்தி?" என்றா கிளாறிஸ் அக்கா. ஆய்வுகூட உத்தியோகத்தர். சுனாமியில் டச்பார் கடற்கரை வீட்டோடு அவவின் கணவர் ஏர்லும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். நாலு வருடத்தில் அவ அதைப்பற்றி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

இது பதினேழாவது தடவை. கை ஓய்ந்துவிட்டது.

06.03.2009
பஸ்ஸில் தோன்றியது: அசற்றிக் அமிலத்தைக் கூடுதலாக விட்டால்? செப்பைப் பிடிக்க அதுவும் போட்டி போடும். சேர்க்கை தாமதமாகும். ஒரு மாதம் இது ஏன் தோன்றவில்லை?

விட்டேன். கலவை தெளிவாகவே நின்றது! எண்பது பாகையில் இரண்டு நாள் இருக்க வேண்டும். மூன்று மணித்தியாலத்தில் மின்சாரம் போய்விட்டது. நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

கிளாறிஸ் அக்கா வெளியே போய் இரும்புப் பெட்டி நிறைய மணல் கொண்டுவந்தா. "போத்தல இதுக்குள்ள புதைச்சு அடுப்புல வை புள்ள. கரண்ட் போனாலும் மணல் சூட்ட லேசில விடாது."

09.03.2009
படிகம். கடுகளவு. எட்டு முகமும் கண்ணுக்குத் தெரிகிறது.

17.03.2009
நாசமாக்கிவிட்டேன். துளைகளில் நிறைந்திருந்த கரைப்பானை வெளியேற்ற நேரே சூடாக்கினேன். கூடு உள்ளுக்குள் இடிந்து மாவாயிற்று. மெதனோலில் ஊறவைத்து, தினமும் மாற்றி, ஒரு கிழமை பொறுத்திருக்க வேண்டும். தெரிந்த விசயம்தான். பொறுமை இல்லை. வன்னிச் செய்தி கேட்கிற மனமும் இல்லை, கேட்காமல் இருக்கவும் ஏலாது.

02.04.2009
புதிதாக வளர்த்த படிகங்கள் இந்தமுறை உலர்த்தியும் இடியாமல் நின்றன. உள்ளமைப்பை அளக்கச் சிங்கப்பூரில் எங்கள் பேராசிரியரின் நண்பருக்கு அனுப்பினோம்.

19.05.2009
சண்டை முடிந்ததாம். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அம்மா யன்னல்களைச் சாத்தினா.

11.06.2009
காலையில் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல். உள்ளமைப்பு கிடைத்துவிட்டது. நினைத்ததைவிடப் பெரிய துளைகள். கலாநிதிப் படிப்புக்கு அங்கேயே வரச் சொல்கிறார்கள்.

பின்னேரம் வவுனியா அகதி முகாமிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தா. அண்ணாவோடு படிப்பித்தவரின் மனைவி. ஏப்ரலில், அண்ணா மேல் செல் குண்டு விழுந்ததாம். "அவடத்திலயே குழி வெட்டித் தாட்டம் தங்கச்சி. வேற வழியில்ல."

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை. அம்மாவை விட்டு எப்படி?

28.06.2009
அண்ணாவுக்கு முப்பத்தொன்றாம் நாள் கிரியை செய்ய அம்மா விடமாட்டா. "உடம்பக் காட்டு, செய்யிறன்."

கிளாறிஸ் அக்கா எங்கள் ஆரையம்பதி வீட்டுக்கு வந்தா. அடுக்களையில் அம்மாவின் பக்கத்தில் நிலத்தில் இருந்தா. வெங்காயத்தை எடுத்து உரித்தா. உரித்து முடித்த மறுகா சொன்னா:

"எனக்கும் ஒருத்தரையும் காட்டல்ல அம்மா. மணலுக்குள்ள கிடந்த சின்னவன்ட பள்ளிக்கூடச் சட்டைய ரெண்டு வருசம் கிழமைக்கு ஒருக்காத் தோய்ச்சுக் காயப்போட்ட நான். ஆரிட்டயும் சொல்லல்ல."

அம்மா அவவின் கையைப் பிடித்தா. பிறகுதான் அழுதா – ஆறு மாதத்தில் முதன்முறை.

26.07.2009
அண்ணாவுக்கு ஈமக்கடமை செய்தோம்.

13.09.2009
கிளாறிஸ் அக்கா வாடகை அறையை விட்டுவிட்டு இங்கே முன்னறைக்கு வந்து மூன்று நாள். நான் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டிருக்கிறா.

காலையில் வாசற் படலையடியில் மீன்காரர். நாளைக்கு இரண்டு கோறை மீன் போதும் என்று அம்மா சொல்வது கேட்டது.

"ஏன் அம்மா, மூண்டு பேரெல்லோ?" என்றார் மீன்காரர்.

"நாளைக்கு இருந்து நாங்க ரெண்டு பேர்தான்."

நான் உள்ளே சிங்கப்பூருக்கான பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.